அஞ்சு எந்தக் கை

டைப்ரைட்டரில் 5 இடது கை ஆள்காட்டி விரலுக்கு. 6 வலது கை ஆள்காட்டி விரலுக்கு. அடுத்தடுத்த வீடு மாதிரி ஒட்டி இருந்தாலும் இரண்டுக்கும் கை வேறு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தக்கலையில் டைப் இன்ஸ்டிட்யூட் நடத்திய மாமா. சொந்த மாமா இல்லை. எங்கள் பக்கத்தில் கொஞ்சம் வயது கூடின ஆண் எல்லாருமே மாமா அல்லது அண்ணன்தான். நான் டைப்பிங்கில் லோயர் பரீட்சை முடித்து ஹையருக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வயது பத்தொன்பது. ஃபீஸ் கட்ட வழியில்லாததால், சாயங்காலம் வெளி வேலை டைப் அடித்துக் கொடுத்துக் கழித்துக்கொள்வது என்று ஒப்பந்தம்.

1987 மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள், மூன்று பேர் படியேறி வந்தார்கள். கையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே பழுப்பேறின ஒரு அட்டை. "ரயில்வேக்கு மனு எழுதணும் மக்ளே. இங்கிலீஷ்ல வேணும்." அடுத்த நாள் பத்துப் பேர். அதற்கடுத்த நாள் மாடிப்படியில் வரிசை. கீழே சாயாக்கடைக்காரருக்குக் கோளுதான். காத்திருக்கிறவன் சும்மா இருப்பானா, சாயா குடிப்பான். இரணியல், பள்ளியாடி, குழித்துறை, ஆளூர், சுசீந்திரம் என்று பாதை போன ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். எட்டு வருடம் முன்பு முப்பது வயதுக்காரர்களாக இருந்தவர்கள் இல்லை இவர்கள். வெயிலும் கல்லுடைப்பும் செங்கல் சூளையும் சேர்ந்து ஒவ்வொருவர் மேலும் பத்து வயதைக் கூடுதலாக ஏற்றியிருந்தன. எல்லாருக்கும் ஒரே கேள்வி: மார்ச் 31-க்குள்ள போய்ச் சேருமா?

அந்த அட்டையை முதலில் சொல்லிவிடுகிறேன். காஷுவல் லேபர் கார்டு, அதாவது தற்காலிகத் தொழிலாளி அட்டை. பெயர், அப்பா பெயர், வயது, அடையாள மச்சம், இடது பெருவிரல் ரேகை. அதற்குக் கீழே கட்டம் போட்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை, மொத்தம் எத்தனை நாள், மேலதிகாரியின் கையெழுத்து. ஒரு மனிதன் இரண்டு வருடம் மண் சுமந்தான் என்பதற்கு உலகத்தில் உள்ள ஒரே சாட்சி அது. சிலர் அதை வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார்கள். ஒருத்தர் அரிசிப் பானையில். கார்டைத் தொலைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு 1979 வரை ரயில் கிடையாது. வடக்கே போனால் திருநெல்வேலி, மேற்கே போனால் திருவனந்தபுரம். இரண்டுக்கும் நடுவில் பஸ்தான். 1972 செப்டம்பரில் கன்னியாகுமரியில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை 87 கிலோமீட்டர், ஆரம்பத்திலேயே அகலப்பாதை. 1979 ஏப்ரலில் ரயில் ஓடியது. பிறகு நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி, வள்ளியூர் வழியாகத் திருநெல்வேலிக்குப் போகும் பாதை 1981 ஏப்ரலில் திறந்தது. இந்த இரண்டு ஏப்ரல்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இவற்றுக்கு நடுவில்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

இரணியலுக்கும் குழித்துறைக்கும் இடையில் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் செம்மண் சுவர் எழும்பி வானத்தை மறைக்கும். மேட்டை அறுத்து வழி உண்டாக்கியிருக்கிறார்கள். வெட்டின மண்ணைத் தலைச்சுமையாக மேலே ஏற்றினவர்களில் பாதிக்குப் பாதி பெண்கள் என்று பெரியப்பா சொல்வார். 2021 நவம்பர் மழையில் அந்தச் சுவர்கள் சரிந்து தண்டவாளத்தில் விழுந்து ரயில் நின்றபோது, ஊரே போய் வேடிக்கை பார்த்தது. பெரியப்பா மட்டும் போகவில்லை. "அங்கன தண்ணி ஊறும். அப்பமே சொன்னோம்" என்றதோடு சரி.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். சித்தப்பா தம்பி. இரண்டு பேரும் 1976 கடைசியில் ஒரே நாளில் அந்த வேலையில் சேர்ந்தார்கள், ஒரே மேஸ்திரியின் கீழ். 1979-இல் ரயில் ஓட ஆரம்பித்ததும் இந்தப் பக்கத்து வேலை முடிந்தது; ஆளைக் கழித்தார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் வர விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரியப்பாவின் மனைவி பெரியம்மைக்கு அது ஒன்பதாம் மாதம். பெரியப்பா, பிள்ளை பிறந்ததும் வருகிறேன் என்றார். பிள்ளை பிறந்தது, பெரியம்மைக்கு உடம்பு சரியில்லாமல் போனது, மூன்று மாதம் கழித்துப் போனபோது ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவுதான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

இதற்குள் டெல்லியில் நடந்த சங்கதி இவர்கள் யாருக்கும் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது, டைப் அடித்த வாசகம் அர்த்தம் புரியாமலே மனப்பாடமாகியிருந்தது, அவ்வளவுதான். பின்னாட்களில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தபோது தீர்ப்புகளை எடுத்துப் படித்துத்தான் புரிந்துகொண்டேன்.

ரயில்வேயில் அந்தக் காலத்தில் தற்காலிகத் தொழிலாளிக்கு இரண்டு சாதி இருந்தது. ஓப்பன் லைன், ப்ராஜெக்ட். ஓடிக்கொண்டிருக்கிற பாதையில் சில மாதம் தொடர்ந்து வேலை செய்துவிட்டால் 'டெம்பரரி ஸ்டேட்டஸ்' கிடைக்கும். அதாவது சம்பள விகிதம், லீவு, பாஸ், பிறகு வேலை நிரந்தரமாவதற்கு ஒரு வரிசை. புதுப் பாதை போடுகிற ப்ராஜெக்டில் அது கிடையாது. வேலை முடிந்தால் ஆளும் முடிந்தான். இதனால் யாரைப் 'ப்ராஜெக்ட்' என்று சொல்வது என்பதே ஒரு சண்டை. தென்னக ரயில்வேயில் 1948-இல் சேர்ந்து 1974-இல் நீக்கப்பட்ட ராபர்ட் டிசூசா என்பவரின் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிரித்துப் பார்த்தது. கட்டுமானப் பிரிவில் வேலை செய்தான் என்பதற்காகவே ஒருவனைப் ப்ராஜெக்ட் ஆள் என்று சொல்லிவிட முடியாது, பெயரை வெட்டுவதும் ஆட்குறைப்புதான் என்றது. இருபத்தாறு வருடம் 'காஷுவல்'! தமிழில் இதற்கு என்ன சொல்வது? போகிற போக்கில் இருபத்தாறு வருடம்.

ப்ராஜெக்ட் ஆட்களுக்கான பெரிய தீர்ப்பு 1985 ஏப்ரல் 18-இல் வந்தது. இந்தர் பால் யாதவ் வழக்கு. நாட்டின் பல மூலைகளிலிருந்து ப்ராஜெக்ட் தொழிலாளிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். நெருக்கடி தாங்காமல் ரயில்வேயே ஒரு திட்டம் போட்டுக் கொண்டுவந்தது. 1984 ஜனவரி 1-ஆம் தேதி வேலையில் இருந்தவர்கள், 360 நாள் முடித்திருந்தால், கட்டம் கட்டமாக டெம்பரரி ஆவார்கள். நீதிபதி டி.ஏ. தேசாய் அந்தத் தேதியிலேயே கை வைத்தார். காரணம் எளிது. சிலர் முன்பே கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கியிருந்தார்கள். அவர்களை நீக்க முடியவில்லை. அதனால் 1984 ஜனவரியிலும் வேலையில் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து அதே மண்ணை வெட்டி, கோர்ட்டுக்குப் போக வழியில்லாதவன் அதற்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தான். தடையுத்தரவு கிடைத்தது என்ற ஒரே யோகத்தில் ஒருவனுக்கு வேலை, இன்னொருவனுக்கு இல்லை என்றால் அது என்ன நியாயம்? ஆகவே தேதியை மூன்று வருடம் பின்னோக்கி, 1981 ஜனவரி 1-க்குக் கொண்டுபோனார். ஓடி வந்து கதவைத் தட்டியவனைவிட, தட்ட முடியாமல் வெளியே நின்றவன் தாழ்ந்துபோகக் கூடாது என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் ஒரு பகுதி வரும். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

ஆனால் 1.1.1981 என்று போட்டால் எங்கள் ஊரில் என்ன ஆகும்? இரண்டு ஏப்ரல்களை நினைவில் வைக்கச் சொன்னேனே. 1979 ஏப்ரலுக்கும் 1981 ஏப்ரலுக்கும் நடுவில், கத்தி வைத்த மாதிரி விழுகிறது அந்தத் தேதி. திருநெல்வேலிப் பாதையில் அன்றைக்குக் கடப்பாரை பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பா உள்ளே. திருவனந்தபுரம் பாதையைப் போட்டு முடித்துவிட்டு வீட்டில் பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டிய பெரியப்பா வெளியே. நியாயம் செய்வதற்காகத் தள்ளிவைத்த கோடு, எங்கள் வீட்டுக் கூரைக்கு நடுவே போனது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததா? இந்தப் பாதையில் வேலை செய்த எத்தனையோ வீடுகளில் நடந்தது. அதனால்தானோ என்னவோ, அடுத்த வழக்கு திருவனந்தபுரத்திலிருந்தே போனது. தட்சிண ரயில்வே எம்ப்ளாயீஸ் யூனியனின் திருவனந்தபுரம் டிவிஷன். 1981 ஜனவரி 1-க்கு முன்னால் கழிக்கப்பட்டவர்களுக்கும் அதே உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். 1987 பிப்ரவரி 23-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி விட்டது. ஆனால் ரயில்வே தரப்பு ஒரு சிரமத்தைச் சொன்னது: காலவரம்பு இல்லாமல் ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் நாங்கள் என்ன செய்வது? நீதிமன்றம் அதையும் ஏற்றுக்கொண்டது. கோரிக்கை உள்ளவர்கள் எல்லாரும் 1987 மார்ச் 31-க்குள் மனுக் கொடுத்தாக வேண்டும்.

பிப்ரவரி 23 முதல் மார்ச் 31 வரை முப்பத்தாறு நாள். டெல்லியில் சொன்ன சொல், பேப்பரில் வந்து, யூனியன்காரர் காதில் விழுந்து, அவர் சைக்கிளில் வந்து பள்ளியாடிச் சந்தையில் யாரிடமோ சொல்லி, அது ரப்பர் பால் வெட்டப் போயிருந்தவனுக்கும், காங்கிரீட் வேலைக்குக் கேரளாவுக்குள் போயிருந்தவனுக்கும் போய்ச் சேர வேண்டும். அவன் கார்டைத் தேடி எடுத்து, நகல் எடுத்து, அட்டெஸ்டேஷன் வாங்கி, தக்கலைக்கு வந்து மாடிப்படி ஏற வேண்டும். கதவைத் தட்ட முடியாதவனுக்காகத்தான் அந்தக் கதவைத் திறந்தார்கள். ஆனால் அதுவும் முப்பத்தாறு நாள்தான் திறந்திருந்தது.

மனுவின் வாசகத்தை மாமா ஒரு முறை எழுதித் தந்துவிட்டார். மாறுவது பெயர், ஊர், பிறந்த தேதி, வேலை செய்த நாட்கள். இதிலே பெயர்தான் பெரிய தொல்லை. எங்கள் மாவட்டத்தில் ஒரு ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், சபையில் ஞானஸ்நானப் பெயர் என்று இருக்கும். மேஸ்திரி கூப்பிட்ட பெயரைத்தான் குமாஸ்தா கார்டில் எழுதியிருப்பார், அதுவும் மலையாள உச்சரிப்பில். "உங்க பேரு எது அண்ணா?" என்று கேட்டால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். இப்படி, அப்படி என்று இரண்டு பெயரையும் போட்டு நடுவில் ஒரு 'அலையஸ்' சேர்ப்போம். திருட்டுக் கேசில் பிடிபட்டவன் மாதிரி இருக்கிறது என்று ஒருத்தர் கோபித்துக்கொண்டார்.

பிறந்த தேதி அடுத்த தொல்லை. கார்டில் வயது மட்டும்தான் இருக்கும், '27' என்று. அதுவும் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஆளைப் பார்த்துப் போட்டது. பள்ளிக்கூடச் சான்றிதழ் உள்ளவர்கள் சிலர். மற்றவர்கள் சபையில் போய் ஞானஸ்நான சர்ட்டிபிகேட் வாங்கி வந்தார்கள், அல்லது ஜாதகம். ஒன்றுமில்லாதவர்கள் "பெரிய வெள்ளம் வந்த வருசம்" என்றார்கள்.

பெண்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ஒரு கை விரல் போதும். பாதிக்குப் பாதி மண் சுமந்தவர்கள் அவர்கள்தானே? ஒரு அக்கா வந்தார், கார்டு இல்லாமல். மேஸ்திரி எல்லாருடைய கார்டையும் கையெழுத்துக்கு வாங்கிப் போனவர் பெண்களுடையதைத் திருப்பித் தரவே இல்லையாம். கேட்கப் போனபோது, "உனக்கு என்னத்துக்கு?" என்றாராம். என்ன எழுதுவது என்று மாமாவைப் பார்த்தேன். ரேகைப் பதிவேடு அவர்களிடம் இருக்கும், அதைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று எழுது என்றார். எழுதினேன். அந்த அக்கா தன் பெருவிரலை நிமிர்த்தி என்னிடம் காட்டினார். சுண்ணாம்பும் சிமெண்டும் தின்று, ரேகை என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

பக்கத்துக்கு ஒரு ரூபாய். இரண்டு கார்பன் நகல் இலவசம். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பி, பெற்றுக்கொண்டார்கள் என்பதற்கான ஏ.டி. கார்டு திரும்பி வந்ததும் அதைப் பத்திரமாக வைக்கச் சொல்வோம். மாத மத்தியில் என் விரல் நுனிகள் எரிந்தன. கடைசி வாரத்தில் ராத்திரி ஒன்பது மணி வரை அடித்தேன். மாமா வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார். பெரியப்பா 29-ஆம் தேதிதான் வந்தார். சொந்த வீட்டு மனுதானே, எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று நானே தள்ளிப்போட்டிருந்தேன். அவருடைய மனு அன்றைக்கு நான் அடித்த கடைசிக் காகிதம். 412 நாள். தபாலில் போட்டால் சேராது என்று மறுநாள் அவரே திருவனந்தபுரத்துக்கு எடுத்துப்போய்க் கையில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வந்தார்.

ஏப்ரலில் வந்தவர்களையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 1, 2, 3. படியேறி வந்துகொண்டே இருந்தார்கள். பம்பாயிலிருந்து கடிதம் கண்டு வந்த ஒருத்தர், ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருத்தர். தேதி முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மாமா சொன்னார்: "அடிச்சிக் குடு. பைசா வாங்காதே." அவை என்ன ஆயின என்று எனக்குத் தெரிந்தவரை சொல்வதானால், யாரும் திரும்பி வந்து சந்தோஷச் செய்தி சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் நடந்தது ஒன்றுமில்லை. மனுக்களைச் சரிபார்த்துப் பட்டியல் போட்டார்கள். லைவ் ரிஜிஸ்டர் என்று பெயர். உயிருள்ள பதிவேடு! அதில் ஏறியவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டிவிஷன் என்றால் நாகர்கோவில் மட்டுமா? கொல்லம், கோட்டயம், எர்ணாகுளம் ஆட்களும் அதே வரிசையில்தான். நாள் கூடினவன் முன்னால், குறைந்தவன் பின்னால். 412 நாள் என்பது 360-க்கு மேல்தான், ஆனால் வரிசையில் வெகு பின்னால். பெரியப்பா சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு தினமும் காலை பாசஞ்சரில் திருவனந்தபுரத்துக்குக் கொத்தனார் கையாளாகப் போனார். பன்னிரண்டு வருடம் போனார். சித்தப்பா டெம்பரரியாகி, கேங்மேனாகி, அதே பாதையில் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தார். சித்தப்பாவுக்கு பாஸ் உண்டு. ஒரு தடவை வேளாங்கண்ணிக்கு எல்லாரும் சேர்ந்து போனபோது, அந்த பாஸில் அண்ணனுக்கு இடமில்லை. பெரியப்பா தன் குடும்பத்துக்கு டிக்கெட் எடுத்தார். அந்த ரயிலில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை என்று இல்லை. பேச எதுவும் வரவில்லை.

2003-இல் கூப்பிட்டார்கள். பழைய பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்த வரிசையிலிருந்து, திருவனந்தபுரம் டிவிஷனில் ஒரு பகுதி ஆட்களை டிராக்மேன் வேலைக்கு, தண்டவாளம் பார்த்துக்கொள்கிற வேலை. ஊரெல்லாம் பேச்சு. ஆனால் வயது வரம்பு: பொதுப் பிரிவுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 43, தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 45. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1978-இல் முந்நூற்றுச் சொச்சம் நாள் மண் வெட்டியவன் 2003-இல் நாற்பதைத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால், வெட்டும்போது அவனுக்கு என்ன வயது இருந்திருக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பையன். வயதைக் காட்டித் திருப்பப்பட்டவர்கள் எர்ணாகுளத்தில் உள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கு மறுபடி வழக்கு கொண்டுபோனார்கள். இந்தக் கதையில் வழக்கு முடிந்தது என்று ஒன்று கிடையாது. ஒன்றின் வாலை அடுத்தது கடித்துக்கொண்டே வரும்.

பெரியப்பா பிறந்தது 1950. அவருக்கு ஐம்பத்திரண்டு முடிந்திருந்தது. ஆனாலும் போனார். ஏன் போனார் என்று அவர் திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சீல் வைத்த கார்பன் நகலை எடுத்துக் காட்டினார். நான் அடித்தது. பிறந்த வருடம் 1960.

இடது விரலுக்குப் பதில் வலது விரல். ராத்திரி ஒன்பது மணி, மார்ச் 29, எரிகிற விரல் நுனி. என்ன சொன்னாலும் அது என் கைதான். கார்டில் வயதுக் கட்டத்தில் ஈரம் பட்டு எழுத்து ஊறிப்போயிருந்ததால், மனுவில் இருந்ததே அவருடைய தாளில் ஏறியிருந்தது. காகிதத்தில் அவருக்கு நாற்பத்திரண்டு வயது. பிற்படுத்தப்பட்டோர் வரம்புக்குள் நிற்கிறார். பிழையில்லாமல் அடித்திருந்தால் போயே இருக்க மாட்டார்.

அவருக்கு அது முன்பே தெரியுமாம். 1987-இல் ரயிலில் போகும்போதே எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்திருக்கிறார். "நம்ம பிள்ளை அடிச்சது, திருத்தப் போனா அசிங்கமாட்டு இருக்கும்னு விட்டேன்" என்றார். இதை நான் நம்பவா வேண்டாமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர், வயதுக்குச் சான்று கேட்டிருக்கிறார். பெரியப்பாவின் சட்டைப் பையில் ஞானஸ்நான சர்ட்டிபிகேட் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். எடுத்து நீட்டியிருக்கிறார். எது சரி என்று அவர் கேட்க, "அம்பதுதான் சரி சார், அது டைப்பு தப்பு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

"அப்படீன்னா என்னத்துக்கு போனீங்க?"

"கூப்பிட்டாங்கல்லா? பதினாறு வருசம் கழிச்சு ஒருத்தன் கூப்பிடுகான். போவாண்டாமா?"

அன்றைக்கு வேலை கிடைத்தவர்களும் முழுசாக ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியாது. 2004 ஜனவரி 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்று ஆகிவிட்டது. எழுபதுகளில் வெட்டிய மண்ணுக்கு 2004-இல் வேலை கிடைத்தால், அது புதுப் பென்ஷன் கணக்கில்தான் சேரும். அதற்கும் வழக்குகள் உண்டு. 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்குத் தீர்ப்பு வந்தது, ஐந்து நீதிபதிகள். முறைப்படித் தேர்வு இல்லாமல் உள்ளே வந்தவர்களை நிரந்தரமாக்கு என்று நீதிமன்றங்கள் உத்தரவிடக் கூடாது, அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் பத்து வருடம் இருந்தவர்களுக்கு மட்டும் ஒரு தடவை சலுகை என்றார்கள். கொல்லைப்புற வழியை அடைக்கத்தான் அந்தத் தீர்ப்பு. அது எனக்கும் புரிகிறது. ஆனால் நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு எதிர்மனுவிலும் முதல் பத்தி உமாதேவிதான். கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு எதிராகவும் அதே, தோட்டக்காரருக்கு எதிராகவும் அதே. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் வருடக்கணக்காகப் பெருக்கிய பெண்கள் உள்ளிட்டவர்களின் வழக்கு அது, உமாதேவியை இப்படிக் கேடயமாகப் பிடிக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பதினெட்டு வருடம் கழித்து.

இப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டாவது பாதைக்கு வேலை நடக்கிறது. ஜார்க்கண்ட், ஒடிசாப் பையன்கள். தண்ணீர் வாங்க வருவார்கள். காண்டிராக்டரின் ஆள்கள், ரயில்வேக்கும் அவர்களுக்கும் நடுவில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். கார்டு கிடையாது. ரேகை வைக்கிறார்கள்தான், ஆதார் மெஷினில், சிம் கார்டுக்கு. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் ஜல்லி அள்ளுகிற முறையைக் குறை சொல்வார். அவர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

கடைசியாக ஒரு மனு. 2017 மார்ச்சில் ராகேஷ் குமார் என்பவரின் வழக்கில், காஷுவலாக இருந்த காலத்தில் பாதியைப் பென்ஷனுக்குச் சேர்க்க வேண்டும், டெம்பரரி ஸ்டேட்டஸ் வந்த பிறகு நிரந்தரமாகும் வரை உள்ள காலத்திலும் பாதி சேரும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சித்தப்பா ரிட்டயராகி நாலு வருடம் ஆகியிருந்தது. தனக்குக் கணக்கில் எதுவோ விட்டுப்போயிருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். 1976 முதல் உள்ள நாட்களைக் கூட்டி எழுத வேண்டும். அவருக்கோ மறதி. ஆகவே அண்ணனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

இரண்டு பேரும் கட்டன் சாயா குடித்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். பெரியப்பாவுக்கு எல்லாம் நினைவிருந்தது. பள்ளியாடியில் பாறை வந்து வேலை நின்ற நாட்கள், மழைக்கு விட்டது, மேஸ்திரி வேண்டுமென்றே பெயரை வெட்டி ஒரு வாரம் கழித்துச் சேர்த்தது. 'பிரேக்' விழுந்த தேதிகள் உட்பட. தம்பியின் நாட்களைச் சொல்லும்போது அவர் தன் நாட்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், இரண்டும் ஒன்றுதானே, 1979 வரை. பாதிக் கணக்கு என்றதும் சிரித்தார். "பாதி நாளு யாரு வேல செய்தா அப்பம்?"

நான் கம்ப்யூட்டரில் அடிக்க ஆரம்பித்தேன். சித்தப்பாவின் பிறந்த வருடம் 1953. பெரியப்பா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"அஞ்சு எந்தக் கை மக்ளே?"

"இடது கை பெரியப்பா."

"செரி. அடி."